ஏறாத கொடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கணவர் போன பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது என்பாள் என் அம்மா. பைக்கில் வந்தவர் மேல் லாரி மோதிவிட்டது. அவர் அரசு ஊழியர் என்பதால் எனக்கு வாரிசு வேலை கிடைத்தது. கொல்லிமலையில் ஒரு பெண்கள் விடுதியில் அலுவலக உதவியாளர். எட்டு வயது மகனை ராசிபுரம் பக்கம் அம்மாவிடம் விட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து மேலே வந்தேன். முதல் மாதம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

என் அறைக்குப் பின்னால் மிளகும் கிழங்கும் விளையும் காடு ஒரு பெண்ணுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். வந்த இரண்டாம் நாளே ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கோடு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, ஒத்தையிலயா இருக்கறீங்க? எனக்கும் ஊட்டுக்காரரு இல்லீங்க. வேணுங்கறப்ப ஒரு சத்தம் குடுங்க, வாரேன்" என்றாள்.

கிழங்கை வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கணவர் மிளகு பறிக்கும்போது விழுந்து இறந்தவர். இங்கே மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை போகும். ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கணுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளே படி. அதில் ஆண்கள்தான் ஏறுவார்கள். அவர் போனபின் கொடிகளைக் காய் முற்றும் முன்பே, மரத்தில் இருக்கும்போதே வியாபாரிக்கு விட்டுவிடுவாள். பறிக்க ஆளோ, கூலிக்குக் காசோ இல்லாதவளிடம் வியாபாரி சொன்னதுதான் விலை. மற்றபடி கூலி வேலை, கிழங்கு, பலா. ஒரே மகள் எங்கள் விடுதியில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆனி மழையில் எனக்கும் ஒரு கொடி நடும் ஆசை வந்தது. "அடியில ஓடுது பாருங்க, அந்தக் கொடியில ஒண்ணு வெட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் புத்திசாலி அல்லவா? தரையில் ஓடும் வெறுங்கொடியை விட்டுவிட்டு, மேலே மிளகுச் சரம் தொங்கிய பக்கக் கிளையாகப் பார்த்து வெட்டினேன். காய்த்த கிளையை நட்டால் சீக்கிரம் காய்க்கும் என்று கணக்கு. பழைய பெயிண்ட் வாளியில் மண் நிரப்பி ஊன்றினேன்.

சாயங்காலம் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பக்கக் கெளை சென்மத்துக்கும் மரம் ஏறாதுங்க. இதையப் போயி யாராச்சும் நடுவாங்களா?"

"ஏறாட்டிப் போகுது. பூச்செடி மாதிரி இருக்கட்டும்" என்றேன் வீம்பாக.

மறுநாள் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கீழ்நாட்டு அம்மா மிளகைத் தொட்டியில் வளர்க்கிறதாம் என்று கண்டக்டர்கூடக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வாளியைத் தூக்கி எறியாமல் இருந்ததும் அந்தக் கோபத்தால்தான். பாத்திரம் அலசிய தண்ணீரைத் தினமும் அதற்கு ஊற்றினேன்.

பத்தாவது பரீட்சை முடிந்த வாரம், கீழே இருந்து நூல்மில்லுக்கு ஆள் பிடிக்கும் தரகர் வண்டியோடு வந்தார். மகளை அனுப்பப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"நல்லாப் படிக்கற புள்ளைய மில்லுக்கு அனுப்பறியா? கொடிய எதுக்குப் பச்சையா வித்துத் தொலைக்கற? நீயே ஏறிப் பறிச்சா என்ன? பொம்பளை ஏறக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "யாருஞ் சொல்லலீங்க. ஏறத் தெரியும் எனக்கு. அவரு உளுந்தப்ப புள்ளைக்கு நா இருந்தனுங்க. நா உளுந்தா யாருங்க இருக்கறா?"

மகன் சைக்கிள் கேட்டு அழுதபோது, செருப்பால் அடிப்பேன் என்று போனில் கத்தியவள் நான். எனக்கும் இதே பயம்தான். ஆனால் இவ்வளவு தெளிவாக அதை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காப்பி வைக்க உள்ளே போய்த் திரும்பியபோது, அவள் வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் உயரச் செடியில் பச்சைச் சரங்கள் ஏழெட்டுத் தொங்கின. தினமும் தண்ணீர் ஊற்றிய நான்கூட அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அவள் ஒவ்வொரு சரமாகத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏறாததும் காய்க்குதுங்களே" என்றாள்.

காப்பி ஆறிப்போனது. அவள் கண் மர உச்சிக்குப் போய் மறுபடி வாளிக்கே திரும்பியதைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிவிட்டது. ஏறாத கொடிக்கு ஏணி வேண்டாம்.

மறுநாள் தரகரிடம் சொன்னாள்: "ஒரு வருசம் பொறுங்க. கீழயே காய்க்கற மாதிரி மொளகு வெக்கறேன். காய்ச்சுதுன்னா புள்ள படிக்கட்டும். காய்க்கலீன்னா நானே கொண்டாந்து வண்டி ஏத்தி உடறனுங்க."

அந்தப் பேச்சை மகளும் கேட்டுக்கொண்டு நின்றாள். பதினொன்றாவதில் சேர்ந்தாள். ஆனால் அவள் படிப்பு செடியின் கையில் இருந்தது.

மழை தொடங்கியதும் விடுதியின் காலி அரிசிச் சாக்குகளையெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பக்கக் கிளைகளாக வெட்டி நாற்பது சாக்கில் நட்டோம். அப்போதுதான் தெரிந்தது, என் வாளியில் நடந்தது குருட்டு அதிர்ஷ்டம் என்று. பக்கக் கிளை லேசில் வேர் விடாது. ஒவ்வொன்றாக அழுகியது. ஊரில் கேலி வேறு. "தொட்டியில வெள்ளாமை பண்ற அம்மிணிக வர்றாங்க" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே போவாள். நான் நின்று நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

மகள் தினமும் காலையில் பள்ளிக்கு முன்னால் வந்து, சாக்கு சாக்காக இலைகளை விலக்கிப் பார்ப்பாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது. "போ கண்ணு, பெல் அடிச்சுரும்" என்று விரட்டுவேன். தை பிறந்தபோது பதினோரு செடிதான் மிஞ்சியிருந்தது. அதிலும் மூன்றில் மட்டும்தான் சரம். பறித்துக் காயவைத்தபோது மொத்தமே ஒரு கைப்பிடி.

வைகாசியில் தரகர் வந்தார். சொன்ன பேச்சை மாற்றாதவள் அவள். மகளை வண்டி ஏற்றிவிடுவாளோ என்று பயந்தேன். அவருக்கு வாயால் பதில் சொல்லத் தயாராகத்தான் நின்றேன்.

"ஒரு வருசம் ஆச்சே அம்மிணி. காய்ச்சுதா?"

அவள் உள்ளே போனாள். அந்தக் கைப்பிடி மிளகை அள்ளி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "காய்ச்சிருச்சுங்க. இது ருசி பாக்க உங்களுக்கு. ஊட்டுக்குக் கொண்டுபோங்க."

மூட்டையில் இருந்து அள்ளிக் கொடுப்பவள்போல அப்படி ஒரு நிமிர்வு. அவர் முகர்ந்து பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார், வண்டி ஏறிப் போய்விட்டார். விதை போட்டுப் பார்க்கக்கூட ஒரு மணி மிச்சமில்லை.

"ஏம்மா, இருந்ததே அவ்வளவுதானே! வாய் கூசாமப் பொய் சொல்றியே?" என்றேன்.

"பொய் இல்லீங்க. வேரு புடிச்சிருச்சு. இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் காய்க்கும்ங்க. புள்ளைக்குப் பன்னண்டாவது அப்படி அடுத்த வருசம் வருமுங்களா?"

அந்த வருடமும் கூலி வேலையும் கிழங்கும்தான் சோறு போட்டன. ஆனால் வேர் பிடிக்க வைக்கும் வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது. நிழலில் வைத்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பாள். இன்று அவள் வாசலைச் சுற்றி இருநூறு செடிக்கு மேல் நிற்கிறது. சிரித்தவர்கள் வீட்டிலிருந்தே கிளை கேட்டு வருகிறார்கள். தேவனூர் பக்கத்திலிருந்து கணவரை இழந்த இரண்டு பெண்கள் பஸ் ஏறி வந்து, அவளோடு ஒரு நாள் முழுக்க இருந்து கற்றுக்கொண்டு போனார்கள். மரத்துக் கொடியையும் இப்போது பச்சையாக விடுவதில்லை. கையில் காசு இருப்பதால் பழகிய ஆளைக் கூலிக்கு ஏற்றி, பறித்து, தானே காயவைத்து விற்கிறாள்.

மகள் கீழே நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். போன் பேசிக்கொண்டே சாக்குகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து மிளகு பறித்தாள். அவள் அம்மா வேலையை விட்டுவிட்டு, தரையில் ஊன்றியிருந்த மகளின் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.