காக்கைக்கு வைத்த பிடி

கூடையில் சாணிக்கு அடியில் சாப்பாட்டை வைத்துக் கொண்டுபோகும் யோசனை என் அப்பாயிக்குத்தான் வரும். அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் சுற்றி, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பசுஞ்சாணி. "எந்த ஜப்பான்காரன் இதுல கைய விட்டுப் பாப்பான்?" என்று கேட்டுக்கொண்டே கூடையைத் தலையில் ஏற்றுவாள்.

சாப்பாடு சித்தப்பாவுக்கு. மலாயாவில் குளுவாங்குக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் காடு. அதன் நடுவில் முன்பு யாரோ கரி சுட்ட குழி ஒன்று இருந்தது. அதற்குள்தான் அவர் பகலெல்லாம் பதுங்கியிருந்தார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். அப்பாவை முதலிலேயே லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட ஆளில்லை. அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் மிச்சம் அப்பாயி, நான், ஒரு பசு. சின்னப் பெண்ணான எனக்கு வேறு எது தெரியுமோ இல்லையோ, லாரிச் சத்தம் தெரியும். கேட்டவுடன் அப்பாயியின் சேலைக்குள் ஒளிந்துகொள்வேன்.

அப்பாயிக்குப் பயப்படக்கூட நேரமில்லாத வேலை. விடியுமுன் பால் கறந்து, கொட்டகை கூட்டி, கிழங்கு தோண்டி, வெட்டிய குச்சியை மறுபடி நட்டு முடிப்பாள். என்னைத் திட்டுவதற்கு நின்றால்கூட, குனிந்து களை பிடுங்கிக்கொண்டேதான் திட்டுவாள். பசுவை மருமகளைப் போல ஏசிவிட்டு, தன் பங்குக் கிழங்கில் பாதியை அதற்கே ஊட்டிவிடுவாள். எனக்கு அவளை அப்படிப் பிடிக்கும். எவ்வளவு பஞ்சத்திலும் ஒரு வழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. வாயில் எதையும் வைக்குமுன் காக்கைக்கு ஒரு பிடி. செத்துப்போன தாத்தாதான் காக்கையாக வந்து சாப்பிடுகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. "ஒங்க தாத்தனுக்குப் பசி பொறுக்காது. நேரமானா என்னத்தான் வைவாரு" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம், அப்பாயி காட்டில் கூடையை இறக்கிவிட்டு வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் லாரி வந்து நின்றது. ஒரு சிப்பாயும், கூடவே தோட்டத்துத் தண்டலும் இறங்கினார்கள். தண்டல் நம் ஆள்தான். முன்பு தோட்டத்தில் வேலை வாங்கியவர், இப்போது ஆள் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினோம். சிப்பாய் வீட்டுக்குள் புகுந்து பானைகளை உருட்டினான்.

அப்போதுதான் மரவள்ளிக் காட்டின்மேல் காக்கைகளைப் பார்த்தேன். முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு ஒரு கூட்டமே சுற்றிச் சுற்றிக் கரைந்தது. சரியாகக் குழிக்கு மேலே. சித்தப்பா என்ன செய்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாயி வளர்த்த பிள்ளை அல்லவா? குழிக்குள் ஒளிந்து கிடந்தாலும், தன் அப்பாவுக்கு ஒரு பிடியை விளிம்பில் வைக்காமல் அவரால் சாப்பிட முடியாது.

ஜப்பான்காரனுக்குக் காக்கை வெறும் காக்கை. தண்டலுக்கு அப்படி இல்லை. அவர் வீட்டிலும் பிடி வைப்பார்கள். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"அங்க யாரு காக்காய்க்கு வச்சது?" என்றார்.

"நாந்தாங்க. வேற யாரு இருக்கா?" என்றாள் அப்பாயி.

"காட்டுக்கு நடுவுலயா?"

"வேலை செய்யற எடத்துலதான திங்க முடியும்? எம் புருசனுக்கு அது பத்தலையாம், கத்துறாரு. இருங்க, இன்னும் கொஞ்சம் வைக்கறேன்."

எங்களுக்கு அன்றைக்கு இருந்த கிழங்கு அத்தனையும் ஒரு சட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு காட்டுக்கு எதிர்ப்பக்கம், மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் போனாள். "கா... கா..." என்று கூப்பிட்டாள். பிட்டுப் பிட்டு எறிய, காக்கைகள் அவள் பக்கம் திரும்பின. ஒன்று மட்டும் குழிக்கு மேலிருந்த செடியை விட்டு அசையவில்லை. 'வந்துடு தாத்தா, இங்க வந்துடு' என்று மனசுக்குள் கெஞ்சினேன். சட்டி காலியான பிறகுதான் அது பறந்து வந்தது.

தண்டல் காட்டையும் அப்பாயியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிப்பாயிடம் கையை விரித்தார். தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. வெறுங்கையோடு போக மனமில்லாத சிப்பாய் பசுவை அவிழ்த்து லாரியில் ஏற்றினான். அது கத்தியது. அப்பாயி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

லாரிச் சத்தம் ஓய்ந்ததும் குழிக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். சித்தப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக் குச்சியால் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள்.

"ஒங்கப்பன் பட்டினி கெடந்தா கெடக்கட்டும்டா! செத்தவருக்கு இனிமே என்ன ஆவப்போவுது? நீ இருடா, நீ இரு!"

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் போகும்வரை எங்கள் வீட்டில் காக்கைக்குப் பிடி வைக்கவில்லை. காக்கைகள் அத்தாப்பு ஓலைக் கூரையில் உட்கார்ந்து கரையும். அப்பாயி யாரிடமோ திட்டு வாங்குகிறவள் மாதிரித் தலைகுனிந்து சாப்பிடுவாள். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

சித்தப்பா பிழைத்தார். அப்பா வரவில்லை. பல வருடம் கழித்து அப்பாயி இறந்தாள். முதல் திதியன்று சித்தப்பா வாழையிலையில் வெள்ளைச் சோறு வைத்துவிட்டு, காக்கையைக் கூப்பிடாமல் அப்படியே நின்றார். எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

"ரோட்டுல யாராச்சும் இருக்காங்களான்னு பாரும்மா" என்றார் மெதுவாக.

நான் வாசல்வரை போய் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

"யாரும் இல்ல சித்தப்பா. கூப்பிடுங்க."

அதற்குப் பிறகுதான் அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டார்.