குண்டு போட்ட சூப்

என் அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சிக்குப் பயம், இடிச் சத்தத்துக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், லிஃப்ட் வேண்டாமென்று படியேறினால் இருட்டுப் படிக்குப் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இப்படிப்பட்டவரை என் அண்ணன் எப்படிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தான் என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை விடை தெரியாத கேள்வி.

எனக்கோ பயத்தை விரட்டுவதுதான் பிழைப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் பெரிய மனிதர்களையெல்லாம் அதட்டி உருட்டி நெடுஞ்சாலைக்கு அனுப்பியிருக்கிறேன். அண்ணியிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. "நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்மா" என்று சொல்லி என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, என் இடுப்பை நெரித்துக்கொண்டுதான் வேலைக்கே வருவார்.

அவர் வேலை படம் எடுப்பது. எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். பெரும்பாலும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள்தான். சுவரில் மாட்டும் பலகைக்கு, போனில் ஆர்டர் எடுப்பவர்களுக்கு என்று ஏதாவது படம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படியே அடுப்பில் நிற்பவர், மீன் வெட்டுகிறவர், சந்தையில் கீரை விற்கிற அம்மா எல்லாரையும் எடுப்பார். எடுத்து முடித்த பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பமாகும். படம் பதிவாகியிருக்கிறதா என்று கடையிலேயே பார்ப்பார், வண்டியில் பார்ப்பார், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் பார்ப்பார்.

ஆனால் கேமரா முகத்துக்கு நேரே இருக்கும்வரை அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் உலகம் தன்னைப் பார்க்காது என்று நினைப்பாரோ என்னவோ. விறைத்துப்போய் நிற்கிற மனிதர்களை இளக வைக்க அவரிடம் ஆயிரம் வழி உண்டு. குழந்தைகள் என்றால் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். கேமராவை மார்பின்மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "உள்ள ஒரு குட்டிப் பாப்பா இருக்கு, யாருன்னு பாரு" என்பார். லென்ஸ் கண்ணாடியில் தன் முகமே குட்டியாகத் தெரியும். பார்க்கிற குழந்தை குனிந்து, வாயைப் பிளந்து, பல்லைக் காட்டும். எத்தனை அழுமூஞ்சியாக இருந்தாலும் இதில் விழாத குழந்தை கிடையாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆரம்ப காலத்தில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டுடியோவில் இருந்தார். ஆட்கள் கண் இமைக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக, அழுத்துவதற்கு முன் "தயார்" என்று உரக்கச் சொல்வார். அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. இப்போது கேரட்டுக்கும் பீன்ஸுக்கும்கூட "தயார்" சொல்கிறார். கேரட் கண் இமைக்குமா அண்ணி என்று நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு கேலி செய்வதில்லை.

அன்று எனக்கு விடுமுறை. ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி சூப்பைப் படம் எடுக்கவேண்டும், வெள்ளை அட்டை பிடிக்க ஆள் இல்லை என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். சூப்பில் ஒரு சிக்கல் உண்டு. கிண்ணத்தில் ஊற்றியதும் காயெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும். அதற்குப் படக்காரர்கள் கையாளுகிற தந்திரம், கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டுவிடுவது. குண்டுகள் அடியை நிரப்ப, காய்கள் மேலே நிற்கும். அண்ணி ஐந்து குண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். எடுத்து முடித்ததும் அதே ஐந்தையும் எண்ணிப் பைக்குள் போட்டால்தான் அவருக்கு மூச்சே வரும்.

"இதை யாரும் தொட்டுடாதீங்க, இது படத்துக்கு" என்று முதலாளியிடமும் சமையல் மாஸ்டரிடமும் இரண்டு இரண்டு தடவை சொன்னார். பார்சல் கட்டுகிறவர் அப்போது இல்லை. அவர் வேலைக்கு வந்தது அதற்கப்புறம்தான். ஜன்னலோர மேஜையில் கிண்ணம், அதற்கு முதுகைக் காட்டியபடி பார்சல் மேஜை. அண்ணி ஒரு பச்சை இலையை இந்தப் பக்கம் நகர்த்துவார், அந்தப் பக்கம் நகர்த்துவார். சூப் ஆறி அவலாகிவிட்டது. கடைசியில் கேமராவைத் தூக்கி, "தயார்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வெயில் மறைந்தது. ஜன்னலுக்கு வெளியே அட்டையைச் சாய்த்து வைத்தால் வெளிச்சம் திரும்பும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார். அட்டையைச் சாய்த்தோம், சரியவிட்டோம், மறுபடி சாய்த்தோம். உள்ளே வந்து பார்த்தால் கிண்ணம் காலி. ஒரு துண்டு கேரட் மட்டும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார், ஒரு குண்டுகூட இல்லை.

"இதுல இருந்த சூப் எங்க?" என்று நான்தான் கத்தினேன்.

பார்சல்காரர் திரும்பினார். "அத அப்பவே கட்டிக் குடுத்துட்டேனே. தயார்னு குரல் வந்துச்சே."

அந்தச் சமையலறையில் தயார் என்றால் ஒரே அர்த்தம்தான். மாஸ்டர் தயார் என்பார், இவர் கை தானாக நீளும். யார் குரல் என்றெல்லாம் பார்க்கிற வழக்கம் இல்லை. அடுப்பு இரைச்சலில் ஆண் குரலாவது பெண் குரலாவது.

"உள்ள குண்டு இருந்துச்சே, சத்தம் கேக்கலையா?"

"தொபுக்குனு ஏதோ விழுந்துச்சு. உருளைக்கெழங்குன்னு நெனச்சேன்." கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "அந்த தையக்கார அம்மாதான் வாங்கிட்டுப் போனாங்க. பொண்ணுக்குக் காய்ச்சலாம். நாலு வயசுக் கொழந்த, சூடா வேணாம், நல்லா ஆற வச்சுக் குடுங்கன்னாங்க. திரும்பிப் பாத்தா ஆறின சூப்பே தயாரா இருந்துச்சு..."

அண்ணி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு மட்டும் அசைந்தது. "தொண்டைல போயிடும்மா. சின்னத் தொண்ட."

அந்த அம்மாவின் போன் நம்பர் கடையில் யாரிடமும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தெரு, மாடியில் வீடு, வாசலில் தையல் என்று பலகை இருக்கும் என்று முதலாளி சொன்னார். மீதியைக் கேட்க நாங்கள் நிற்கவில்லை. அண்ணி கழுத்தில் கேமரா தொங்கியபடியே ஓடிவந்து ஏறினார்.

நிதானமாக ஓட்டுங்கள் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவள் நான். அன்று எதிர்த்திசையில் போனேன், சிவப்பு விளக்கில் போனேன், நடைபாதையில்கூட ஏறினேன். வேகமாகப் போனால் முதுகில் அடிக்கிற அண்ணி, "இன்னும், இன்னும்" என்று என் காதில் முனகிக்கொண்டே வந்தார். வழியில் ஒரு ஆம்புலன்ஸ் ஒலியெழுப்பிக்கொண்டு எங்களைக் கடந்து அதே பக்கம் திரும்பியது. என் கைகள் உதறின. இத்தனை வருடத்தில் வண்டி ஓட்டும்போது எனக்குக் கை உதறியது அதுதான் முதல் தடவை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஆம்புலன்ஸ் நேராகப் போய்விட்டது. அதற்கும் நிம்மதிப்பட நேரமில்லை.

தெரு கிடைத்தது, பலகை கண்ணில் படவில்லை. ஒரு வீட்டு மாடியேறிக் கதவைத் தட்டினால் யாரோ ஒரு தாத்தா கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றார். பதில் சொல்லாமல் இறங்கினோம். அடுத்த படிக்கட்டின் மேலிருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த இருட்டுப் படியில் அண்ணி எனக்கு முன்னால் ஓடினார்.

கதவு திறந்துதான் இருந்தது. அம்மா மெஷினில் குனிந்திருந்தார். மூலையில் கட்டிலின்மேல் சூப் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தலை கலைந்து, ஒரு சிறு பெண் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாருங்க நீங்க?" என்று அந்த அம்மா எழுந்தார்.

"கடைலேந்து வரோம். சூப்ப மாத்திக் குடுத்துட்டாங்க" என்றேன்.

"அப்படியா? நல்லாத்தான் குடிக்கறா. ரெண்டு நாளா தண்ணிகூட எறங்கல. இன்னிக்குத் தானே குடிப்பேன்னு வாங்கி வச்சுக்கிட்டா. சத்தமே இல்ல."

சத்தமே இல்லை என்பதுதான் என்னைக் கலக்கியது. அண்ணி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு குண்டுகள் அடியில் கிடந்தன. தலையணைக்குக் கீழே, புதையலைப் பதுக்குவதுபோல, எச்சில் ஈரத்தோடு இன்னும் இரண்டு. நான்கு. நான் கட்டிலுக்கடியில் தேடினேன், போர்வையை உதறினேன். ஐந்தாவது இல்லை.

குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறக்காமல் சிரித்தாள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் உருண்டையாகப் புடைத்திருந்தது.

நான் "துப்பு" என்று கத்த வாயெடுத்துவிட்டேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினார். அதட்டியிருந்தால் திடுக்கிட்டு விழுங்கியிருப்பாள், அது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அண்ணியின் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் குரல் படம் எடுக்கும்போது குழந்தைகளிடம் பேசுகிற அதே குரலாக இருந்தது.

"பாப்பா, நான் படம் எடுக்கற அத்தை. இங்க பாரேன்."

சொல்லிக்கொண்டே கட்டிலை ஒட்டித் தரையில் மல்லாந்து படுத்தார். துணித் துண்டுகளும் நூலும் சிதறிக் கிடந்த தரை. கேமராவை நிமிர்த்தி மார்பில் வைத்தார்.

"இதுக்குள்ள ஒரு குட்டிப் பாப்பா இருக்கு. யாருன்னு தெரியுதா?"

குழந்தை தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நகரவில்லை. கன்னத்துக்குள் குண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருண்டது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ பொறிதட்டியது, ஓரடி முன்னே வந்தார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்தப் பாப்பாவுக்குப் பல்லே இல்லியாம்" என்றார் அண்ணி. "பொக்க வாயாம்."

இது அவளுக்குப் பொறுக்கவில்லை. டப்பாவை ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கப்போட்டு லென்ஸுக்குள் பார்த்தாள். உள்ளே தன்னைக் கண்டதும் எல்லாப் பல்லும் தெரிய வாயைத் திறந்தாள்.

டக் என்று குண்டு கண்ணாடிமேல் விழுந்து, உருண்டு, அண்ணியின் கழுத்தில் போய் நின்றது. அதே நொடியில் பழக்க தோஷத்தில் அவர் விரல் அழுத்தியும்விட்டது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா குழந்தையை அள்ளிக்கொண்டார். வாய்க்குள் விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி மாதிரி வந்தீங்களே" என்று அழுதார். "நீங்க மட்டும் வரலன்னா..."

நான் அத்தோடு கிளம்பியிருப்பேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிற ஆள் நான்தான் என்பது அப்போது தெரிந்தது. அண்ணி கையை விடுவித்துக்கொண்டார்.

"குண்டப் போட்டதே நான்தாங்க. படத்துல காய் மேல தெரியணும்னு போட்டேன். அது உங்க பொண்ணுக்கு வந்துடுச்சு."

அந்த அம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

"படத்துல நல்லா தெரியணும்னு, என் பொண்ணு வாயில குண்டா?"

அந்த அம்மா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, டப்பாவை எடுத்து நீட்டினார். இரண்டு குண்டும் மிச்ச சூப்பும் அதில் அப்படியே இருந்தன.

"குடிங்க."

அண்ணி வாங்கிக் குடித்தார். துணியின் முன்புறமெல்லாம் கொட்டியது. குண்டுகள் அவர் பல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இரண்டு குண்டுகளையும் உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். அந்த அம்மா எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் படம் வீட்டில் இருக்கிறது. ஒரே கலங்கல். வாய் எது, குண்டு எது என்று தெரியாது. என் அண்ணி கை நடுங்கி எடுத்த ஒரே படம் அதுதான். அழித்துவிடச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

பயந்தாங்கொள்ளிதான் இன்றைக்கும். லிஃப்டில் ஏறமாட்டார், பூட்டை இழுத்துப் பார்ப்பதும் நிற்கவில்லை. குண்டுகளை மட்டும் எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார். தயார் என்ற சொல்லையும் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் படம் எடுத்து முடிந்ததும் எந்தக் கடையானாலும் அந்தத் தட்டை இழுத்துவைத்து, எல்லார் முன்னாலும் அவரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். உடம்பு ஒரு சுற்றுப் பெருத்து, என் ஸ்கூட்டரின் பின்சக்கரம்தான் அவதிப்படுகிறது. காயெல்லாம் அடியில் கிடக்கிறதே, சூப் தண்ணீர் மாதிரி தெரிகிறதே என்று கடைக்காரர்கள் குறை சொல்வார்கள்.

"கெடக்கட்டும்" என்பார் அண்ணி, வாயில் கரண்டியோடு.