கையா, துவக்கா?

சீருடையின் கடைசிப் பொத்தானைப் பூட்டிவிட்டு, பிரசாந்தினி வலது மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்க்கிறாள். பிறகு இடதையும். "பிழை கையிலையோ துவக்கிலையோ எண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லுறாங்கள் இல்லை, அண்ணை."

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், என் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவள். தாய் தகப்பன் மன்னார். சிறுவயதிலேயே இங்கே வந்து, இத்தாலியக் குடியுரிமை எடுத்து, இப்போது பொலிதேயாமா சதுக்கத்தில் ஒரு நகைக்கடை வாசலில் ஆயுதக் காவலாளி. வீடு துடைக்கவும் வயோதிபரைப் பார்க்கவும் நம்மவர்கள் போகிற ஊரில், இடுப்பில் துவக்கோடு இறங்கும் இவளைத் தேவாலயப் பூசைக்குப் போகிறவர்கள் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். கட்டையான உருவம், வேகமான பேச்சு. கடைவாயில் எப்போதும் ஒரு கராம்பு.

துவக்கு அவளே வாங்கியது. பெரியது இடுப்பை அறுக்கிறதென்று சின்னதாகப் பார்த்து எடுத்தாள். முதல் மாதமே குறிபார்க்கும் முன்முனை கழன்று விழுந்தது. அதைத் திருத்தினால், பயிற்சித் திடலில் சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே பாயாமல் இடையில் சிக்கிக்கொண்டது. பயிற்றுநர் வாங்கிச் சுட்டார். ஒரு பிசகும் இல்லை.

"உன் மணிக்கட்டுத்தான் தளர்வு, சிஞ்ஞோரா."

இறுக்கிப் பிடித்தாள். மறுபடியும் சிக்கியது. தன்னுடைய பெரிய துவக்கை அவர் நீட்டினார். அதில் அவள் சுட்ட அத்தனை சூடும் நடு வட்டத்தில்!

"அப்ப என்ரை கை நல்லம்தானே எண்டு கேட்டன், அண்ணை. அந்த மனுசன் திருப்பி என்ரை துவக்கை எடுத்துச் சுட்டார். இந்தமுறை அவருக்கும் சிக்கீட்டுது. தலையைச் சொறிஞ்சுகொண்டு போயிட்டார்."

விற்ற கடையில் கழற்றிப் பார்த்தபோது, வெற்றுக் கோதை இழுக்கும் சின்னக் கொளுக்கியின் நுனி உடைந்திருந்தது. புதிது போட்டார்கள். பிரசாந்தினி சிரித்த முகமாய்த் திரிந்தாள், அடுத்த பயிற்சி வரைக்கும். அங்கே மறுபடியும் அதே கதை. "ஸ்பிறிங்காக இருக்கலாம், ரவையாக இருக்கலாம், நீயாகவும் இருக்கலாம்" என்று கையை விரித்தார் கடைக்காரர்.

"விட்டுப்போட்டு வேறை ஒண்டு வாங்குமன்" என்றார் கணவர் அகஸ்ரின்.

"அதுவும் சிக்கினா?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "இது இருக்குமட்டும் துவக்கிலை பழியைப் போடலாம், அண்ணை. புதுசும் சிக்கினா நான்தான் பிழை. பிறகு என்னை ஆர் கடை வாசல்லை நிக்க விடுவினம்?"

நேற்று அந்தப் பக்கம் போக நேர்ந்தது. ஒரு மூதாட்டி சின்னப் பொதியோடு நகைக்கடையிலிருந்து வெளியே வந்தார். "நீ நிற்கிறாய் என்ற தைரியத்தில்தான் இங்கே வருகிறேன், மகளே" என்று பிரசாந்தினியின் கன்னத்தைத் தட்டினார். தலைக்கவசம் போட்ட இருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் நடைபாதையோரம் வேகத்தைக் குறைத்தார்கள். எதற்கென்று தெரியவில்லை.

பிரசாந்தினியின் கை இடுப்புக்குப் போகவில்லை. மூதாட்டியின் கையைத் தன் கையோடு கோத்து, அவரைச் சுவர்ப்பக்கம் விட்டு, வீதிப்பக்கமாகத் தான் நடந்தாள்.