ஆல்பத்துக்கு இருநூறு படம்

என் மகளின் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆல்பம் இன்னும் வரவில்லை. ஸ்டுடியோக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மறுவாரமே எல்லாப் படங்களையும் ஒரு லிங்க்கில் போட்டு அனுப்பிவிட்டார். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கும். அதிலிருந்து இருநூறு படங்களை நாங்கள் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். படத்துக்குக் கீழே ஒரு இதயக் குறி இருக்கும். அதைத் தொட்டால் சிவப்பாகும், படம் ஆல்பத்துக்குப் போய்விடும். இந்த வேலையைத்தான் ஒன்றரை வருஷமாகச் செய்யாமல் வைத்திருந்தோம்.

நான் எதையும் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சொன்ன நாளில் சாமானைக் கொடுக்காவிட்டால், வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட எனக்கே இந்த இதயக் குறியைத் தொட விரல் வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் காபியோடு உட்கார்ந்தோம். என் சித்தப்பா படத்தைத் தொட்டேன். அப்படியானால் தன் பெரியப்பா எங்கே என்று கேட்டாள். அவரையும் தொட்டேன். பெரியப்பாவைப் போட்டால் அவருடைய சம்பந்தியை விட முடியாதாம். மேடையேறி நின்றவர்களுக்கே இருநூறும் தீர்ந்துவிட்டது. தாலி கட்டுகிற படத்துக்கு இடமில்லை. எல்லாச் சிவப்பையும் அழித்துவிட்டு எழுந்துவிட்டோம்.

எங்கள் கல்யாணத்துக்கு இந்தப் பாடு கிடையாது. திருமங்கலத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். கையில் இருந்த பிலிம் சுருள்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதெல்லாம் அவர் பாடு. கூட்டம் நெருக்கினால் வெறும் பிளாஷை மட்டும் அடித்து, எடுத்தாயிற்று என்று அனுப்பிவிடுவார். ஆல்பம் வந்ததும் அதில் இல்லாத சொந்தக்காரர்கள் அவரை நன்றாக வைதார்கள். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த கூலி படம் எடுத்ததற்கு மட்டுமல்ல, திட்டு வாங்கியதற்கும் சேர்த்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டறைக்கு வருகிறவர்கள் போட்டோவுக்கெல்லாம் மரியாதையே போய்விட்டது என்பார்கள். ஆளாளுக்கு செல்போன் இருக்கிறது, எல்லாரும் எடுக்கிறார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பார்கள். நானும் தலையாட்டுவேன். என் போனைத் திறந்தால் தேய்ந்த பேரிங், கரண்ட் பில், யாரோ அனுப்பிய காலை வணக்கம் என்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு ஆல்பம் நின்றுபோனதற்கு இது காரணமில்லை. உண்மையான காரணம் என் மனைவியின் மதினி. பேரையூரில் இருக்கும் அவளுடைய அண்ணனின், அதாவது என் மச்சானின், மனைவி.

திருநகரில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பேரையூருக்குப் போனில்தான் சொன்னோம். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்கவில்லை. மதினி வந்தார், பந்தியில் உட்காரும்போது, போனில் கூப்பிட்டால் போனிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாமே என்று நாலு பேர் காதுபடச் சொன்னார். என் மனைவியும் சும்மா இருக்கிறவள் இல்லை, பதிலுக்கு ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சொன்னதில் எது பெரிது என்று என்னால் இன்றுவரை எடைபோட முடியவில்லை. அதோடு போக்குவரத்து நின்றது. பல வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்குத்தான் தட்டில் பழம், பூ வைத்துக்கொண்டு பேரையூருக்குப் போனோம். வந்தார்கள். தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மதினி என் மனைவியோடு ஒரு வார்த்தை பேசாமல், சாப்பிட்டதும் வண்டியேறிவிட்டார்.

என் மனைவி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒரே ஒரு படம். மச்சான் என் மகளுக்கு மாலை போடுகிறார். பக்கத்தில் நின்று என் மனைவி கண்ணைத் துடைக்கிறாள். இந்தப் பக்கம் சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு மதினி. மச்சான் இருக்கிற எல்லாப் படத்திலும் மதினியும் இருந்தார், தனியாக ஒன்றுகூடக் கிடையாது. இவள் எனக்குத் தெரியாமல் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, படத்திலிருந்து ஒரு ஆளை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்கென்ன, இப்போதெல்லாம் நொடி வேலை என்று அவர் செய்தே அனுப்பிவிட்டார். மதினி இருந்த இடத்தில் பூ அலங்காரம் வந்துவிட்டது. மதினியோடு சீர்த்தட்டும் போய்விட்டது. வெறுங்கையோடு வந்த தாய்மாமனாக மச்சான் நின்றார். தன் அண்ணனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் இவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படத்தையும் வைக்க மனமில்லை, முதல் படத்தையும் வைக்க மனமில்லை. ஆல்பம் அங்கேயே நின்றது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தண்ணி மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க மதுரைக்கு வந்ததாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, ஆல்பத்தை எடுங்களேன் மாப்ள, பார்ப்போம் என்றார்.

இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, போனை டிவியோடு இணைத்தேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பந்தல் வந்தது, பந்தி வந்தது, கரண்டியோடு சமையல்காரர் வந்தார். பிறகு மாலை போடுகிற படம் வந்தது. நான் தள்ளிவிடாமல் நிறுத்தினேன். மச்சான் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டோடு நிற்கிற மதினியைத்தான் பார்த்தார்.

"நான் மோட்டார் சாமான் வாங்க வரல தாயி" என்றார் தங்கையிடம். "ஒங்க மதினிதான் அனுப்பிவிட்டா. ஆல்பத்துல நான் இருக்கேனான்னு பாத்துட்டு வாங்கன்னா."

இவள் டிவியைக் காட்டினாள். "அதான் இருக்காகளே அண்ணே."

"இதுல சமையக்காரருந்தான் இருக்காரு. இது வந்தவுகள எல்லாம் எடுத்தது. நீங்க எடுத்து வச்சதுல அவ இருக்காளான்னுதான் கேட்டா."

நாலாயிரம் படம் கையில் இருந்தும், ஒரு மனுஷிக்குச் சொல்ல ஒரு பதில் எங்களிடம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எடுப்பது மலிந்துவிட்டது, சரிதான். எடுத்து வைப்பதற்குப் பேரையூரில் ஒருத்தர் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்திருக்கிறார்.

மனைவி என் கையிலிருந்த போனை வாங்கினாள். படத்துக்குக் கீழே தொட்டாள். டிவியில் மதினியின் காலடியில் அந்த இதயக் குறி சிவப்பானது.

அது என்ன சிவப்பாக என்று மச்சான் கேட்டார். ஆல்பத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம், இனி அது அச்சாகி வரும் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து, எழுந்து டிவிக்குக் கிட்டத்தில் போனார். கையை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டிவியைப் படம் எடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"அந்தச் செவப்பு விழுந்திருக்கான்னு பாருங்க மாப்ள. அவளுக்கு அனுப்பணும்."

விழுந்திருந்தது. நானே அனுப்பிக் கொடுத்தேன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர், "ஒங்க மதினிதான்" என்று அதைத் தங்கையிடம் நீட்டினார்.