உப்பாற்றுக் கதவும் எங்கள் குழுவும்

வாய்க்காலில் நல்ல தண்ணீர் ஓடும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத, உப்புத்தண்ணீர் ஏறிய அன்றைக்கு ஊரே வீடு தேடி வந்து ஏசுகிற உத்தியோகம் ஒன்று உண்டு: பயிர்ச்செய்கைக் குழுச் செயலாளர். மூதூருக்குத் தெற்கே ஒரு ஊரில் ஏழு வருஷம் அதைப் பார்த்தேன். எந்தச் சங்கத்திலாவது செயலாளராக இருந்து சீரழிந்தவர்களே, உங்களுக்கு மட்டும்தான் இது விளங்கும்.

இரண்டு பலகை

எங்கள் வயல்களுக்கும் உப்பாற்றுக்கும் நடுவே ஒரு மண் அணை. அதில் மதகுபோல ஒரு துருசு; ஐந்து பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினால் கதவு அடைபடும். கோடைச் சிறுபோகத்தில் ஆறு வற்ற, கடல் உள்ளே ஏறும். அப்போது ஐந்து பலகையும் இருந்தே ஆகவேண்டும். ஒரு வைகாசியில் போய் எண்ணினால் மூன்றுதான்.

இறால் பிடிக்கிறவர்களைச் சந்தேகப்பட்டு அவர்களோடு வாய்ச்சண்டையும் பிடித்தேன். பிறகு ஒரு கையெழுத்து வாங்கக் குழுத் தலைவர் கந்தையர் வீட்டுக்குப் போனால், குசினியில் குடம் வைக்கிற தட்டாக நிற்கின்றன இரண்டு பலகையும். மனிதர் கொஞ்சமும் கூசவில்லை, பலகையைத் திருப்பித் தரவும் இல்லை. “தம்பி, இது பொதுச் சாமான்தானே? அப்ப நானும் பொதுசனம்தானே?”

கை தூக்கியவர்கள்

பலகை போன இடத்தில் மண்மூட்டை அடுக்கி, அணையையும் ஒரு முழம் உயர்த்துவோம் என்று கூட்டம் போட்டேன். எழுபது கை உயர்ந்தது. சனிக்கிழமை காலை அணைக்கு வந்தவர்கள், என் மண்வெட்டியையும் ஒரு ஆளாகச் சேர்த்தால் மூன்று பேர். மற்றவர் பரமேஸ்வரி அக்கா. புருஷனை இழந்து, அணையை ஒட்டிய ஒரு ஏக்கரைத் தனியாகச் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். உப்பு வந்தால் முதலில் அவர் வயல்தான். இரண்டு பேருமாக மூட்டை அடுக்கினோம். அணையை உயர்த்த ஏலவில்லை.

மேட்டுவயல்காரர் கரீம் காக்கா கூட்டத்தில் இரண்டு கையையும் தூக்கியவர். வழியில் கண்டு கேட்டேன். “கையைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கினன். மண்ணையும் நான்தான் தூக்கவேணுமோ, செக்கட்டரியார்?”

ருசி

நீர்ப்பாசன அலுவலகத்துக்கு நான் எழுதிய ஏழெட்டுக் கடிதத்துக்குப் பிறகு ஒரு எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். சப்பாத்து சேறாகும் என்று இறங்கவில்லை. மடியில் வரைபடத்தை விரித்து, “இந்த இடத்துக்கு உப்பு வராது” என்றார். மூட்டை இடுக்கால் கசிவு விழுந்த வாய்க்காலில் அக்கா செம்பை அமிழ்த்தி நீட்டினார். எஞ்சினியர் அதைத் தொடாமல் தன் பியோனைக் காட்டினார். பியோன் ஒரு மிடறு குடித்தான். முகம் கோணியது. பிறகு துரையின் முகத்தைப் பார்த்தான். “ஐயா சொன்னா நல்ல தண்ணிதான் ஐயா.”

பறுவத்தன்று

கதிர் இன்னும் பயிரின் வயிற்றில் இருந்த நேரம், முழுநிலாப் பறுவத்துக்குக் கடல் பொங்கி மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அக்காவின் வயலில் முழங்காலளவு உப்புத்தண்ணீர். நாலாம் நாள் பயிர் சிவந்து கருகியது. அக்கா ஒரு நெல்தாளைக் கசக்கிப் பார்த்தார், அழவில்லை. கடிதம் எழுதிய நேரத்தில் நானே இரண்டு பலகை அறுத்துப் போட்டிருக்கலாம் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஏச்சில் எனக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

எட்டாம் நாள் உப்பு மேட்டுவயல் வாய்க்காலுக்கும் ஏறியது. அடுத்த காலை அணையில் கால் வைக்க இடமில்லை. எழுபது பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கரீம் காக்கா. “ஊர் விஷயத்தில இப்படிப் பிந்தி வரலாமா, செக்கட்டரியார்?”

திறப்பு விழா

அணை உயர்ந்தது, புதுப் பலகையும் வந்தது. உடனே தலைவர் திறப்பு விழா வைத்தார். மூடி வைக்கவேண்டிய கதவுக்குத் திறப்பு விழா! அதே எஞ்சினியர்தான் பிரதம விருந்தினர், இம்முறை இறங்கினார். நட்டப்பட்டவர் கையால் மாலை விழுந்தால் படத்துக்கு நன்றாயிருக்கும் என்று, அக்காவைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள்.

முதல் மழை பெய்திருந்தது. அக்கா வயலில் தேங்கிய நீரைக் கலக்கி, வரம்பை வெட்டி வெளியே விட்டுக்கொண்டிருந்தார். உப்பைக் கழுவ வேறு வழியில்லை. நிமிராமலே சொன்னார்: “மாலை போட எனக்கு நேரமில்லைத் தம்பி. ஏலுமெண்டா அந்தப் பக்க வரம்பை நீங்க வெட்டுங்கோ.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த வயலைக் கழுவி எடுக்க இரண்டு மாரி போதுமாயிருந்தது, எங்கள் குழுவைக் கழுவ எத்தனை மாரி வேண்டுமென்று எனக்கு இன்றுவரை தெரியாது.