அட்டையில் போட்டிருந்தது மாரி

வெள்ளிக்கிழமை காலை 7.10. நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். காலாண்டு விடுமுறையில் மற்ற டீச்சர்கள் ஊட்டிக்குப் போவார்கள். நான் போனது புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்கு. தங்கை எஸ்தரைக் கையோடு கூட்டி வரச் சொல்லித் தம்பிகள் இருவரும் என்னை அனுப்பியிருந்தார்கள். அவள் கணவர் இறந்து இரண்டு வருடம். மூன்று ஏக்கர் மானாவாரிப் புஞ்சையோடு தனியாக மல்லுக்கட்டுகிறாள். ஆவணிக் கடைசியில் விதைத்த உளுந்து முளைத்துக் கருகிவிட்டது. மிச்சமிருந்த விதை முழுவதையும் மறுபடி போட்டிருந்தாள். இதுவும் போனால் எங்களோடு வந்துவிடுவதாகப் போனில் ஒத்துக்கொண்டிருந்தாள்.

மணியாச்சி தாண்டியதும் ஜன்னலில் பச்சை நின்றுபோனது. 10.40க்குக் கோவில்பட்டி. ஒரு காபி, பதினைந்து ரூபாய். எட்டயபுரம் வழியாகப் புதூர் போகும் பஸ்ஸில் ஏறி, எவ்வளவு நேரமாகும் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“ஒன்ற மணி நேரம்மா. மழ பெஞ்சா ரெண்டு. அந்தக் கவல ஒங்களுக்கு வேண்டாம்.”

பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புதூரிலிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். எஸ்தர் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு சிறிய அட்டை, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் தாம்பாளத்திலிருந்து ஆளுக்கொன்றாக எடுப்போமே, அந்த வாக்குத்தத்த அட்டை. ஏற்ற காலத்தில் முன்மாரியும் பின்மாரியும் தருவேன் என்ற வேதவசனம் அவளுக்கு வந்திருந்தது.

“இத நம்பியா கடைசி விதையையும் போட்டே?” என்றேன்.

“வேற யார நம்பச் சொல்லுத?” என்றாள், சட்னி அரைத்துக்கொண்டே.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஓட்டுமேல் படபடவென்று சத்தம். மழை! நான் முற்றத்துக்கு ஓடிப்போய்க் கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் எஸ்தர் முகம் செத்துக் கிடந்தது. கால் மணி நேரத்தில் தூறல் நின்றது.

“ஏன்டி?” என்றேன்.

“போன தடவ இதுதான்க்கா கெடுத்துச்சு. தூறல நம்பி விதை முளைச்சிரும். அடுத்த நாளு வெயில்ல கருகிரும்.”

அவள் வாழ்க்கையையே முடிக்கப் பார்த்த தூறலுக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன்! நாலு பக்கமும் கால்வாய் ஓடும் ஊர்க்காரிக்கு மழை என்றால் எல்லாம் மழைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புஞ்சைக்குப் போனோம். பக்கத்தில் ஆடு மேய்க்கும் சுடலைமுத்து அண்ணாச்சியும் வந்து நின்றார். இந்த முறை நாலு விரல் ஆழத்தில் விதைக்கச் சொன்னவர் அவர்தான். சில்லறைத் தூறல் அவ்வளவு ஆழம் இறங்காதாம். எஸ்தர் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். மேலே ஈரம். ஒரு விரல், இரண்டு விரல், ஈரம். மூன்றாவது விரலில் புழுதி. நாலாவதிலும் புழுதி. உளுந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். முழுசாக, காய்ந்து, கறுப்பாக இருந்தது.

“வெத இன்னும் முழிக்கலக்கா!” என்று கத்தினாள். “வந்தது தூறலு. அட்டையில போட்டிருக்கது மாரி. மாரின்னா மண்ணு பூரா நனையணும். அவரு சொன்னது இன்னும் வரல, அம்புட்டுத்தான்.”

சுடலைமுத்து அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “அன்னைக்கு நீ அட்டையில மாரின்னதும் எங்க ஆத்தாளத்தான் எழுதியிருக்காவளோன்னு நெனச்சேன் தாயி. நானும் அவ கோயிலுக்குப் போயி ஒனக்காக ஒரு தேங்கா ஒடச்சிட்டேன்.”

எஸ்தர் வயிறு குலுங்கச் சிரித்தாள். “ஒங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி.”

திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தம்பி இரண்டு தடவை போன் செய்தான், நான் எடுக்கவில்லை. அன்று ஜெபிக்கும்போது, எஸ்தர் இங்கேயே இருக்கட்டும் ஆண்டவரே என்று என் வாய் சொன்னது. கூட்டிப் போக வந்தவள் நான்.

செவ்வாய் பிற்பகல் 3.20. கிழக்கே கறுத்தது. காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. பிறகு கொட்டியது பாருங்கள்! எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. ஆறு மணி வரை நிற்கவே இல்லை. நாங்கள் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதை மறந்து முற்றத்தில் நனைந்தோம். எஸ்தர் பாடவில்லை, அழவில்லை. “சொன்னாரு, செஞ்சாரு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் சொன்ன ஸ்தோத்திரம் தப்பான மழைக்கு இல்லை.

சனிக்கிழமை காலை சாலுக்குச் சால் பச்சை கோடு போட்டிருந்தது. முளைகள் கரிசலைப் பிளந்துகொண்டு தலையை நீட்டியிருந்தன. அங்கேயே தம்பிக்குப் போன் செய்தேன்.

“அவ வரமாட்டா. கூப்பிடவும் மாட்டேன்” என்றேன்.

முப்பது வருடமாக நானும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறேன். பீரோக் கதவில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர், மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு வசனத்தின்மேலாவது கடைசி விதையைப் போட்டுவிட்டு நான் காத்திருந்தது இல்லை. கர்த்தர் உண்மையுள்ளவர் என்று ஞாயிறுப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அதை என் கண்ணால் கண்டது இந்த மூன்று ஏக்கரில்தான்.

பதினொன்றரைக்கு ஆட்டோ வந்தது. எஸ்தர் வழியனுப்ப வரவில்லை. முளையைக் கொத்த மயில்கள் இறங்கியிருந்தன; சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் தகர டப்பாவைத் தட்டியபடி, தன் புஞ்சையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தாள்.