மூணு மெர்டேக்கா ஷம்சுதீன்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. எழுதுவதற்குத் தடையில்லை: ஷம்சுதீன். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்போது அவருடைய ரேடியோ பட்டறை. ஆனால் 'மூணு மெர்டேக்கா' என்று கேட்டால்தான் அக்கம்பக்கத்தில் வீட்டைக் காட்டுவார்கள். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்.

ஐம்பத்தேழில், இரண்டு பிள்ளைகள் கலைந்த பிறகு, மூன்றாவது வயிற்றில் தங்கியிருந்தது. "புருஷனுக்கு என்ன வேலை?" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கமலவேணி கேட்டாள். சொன்னேன். ரேடியோக் கம்பிகளைப் பற்றவைக்கும் சோல்டரில் பாதி காரீயம், அது விஷம், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்றாள். இவர் அந்தச் சோல்டர் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். அதே கையால் எனக்கு மாம்பழம் நறுக்கித் தருவார்.

அன்றைக்கே சண்டை பிடித்தேன். "காரீயம் இல்லாம எப்படி ஒட்டுறது?" என்றார். எனக்கா வழி தெரியாது?

"பிரியாணி தேக்சாவுக்கு உள்ள பூசுறோமே வெள்ளீயம், அதையே வச்சு ஒட்டுங்க. அதுல ஆக்கித்தானே திங்கிறோம்? வெள்ளீயம் தோண்டுற நாட்டுல அதுக்கா பஞ்சம்?"

என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். சோல்டர் சுருளைக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

என் சமையல்கட்டு அறிவு ரேடியோவுக்கு ஆகவில்லை. தனி வெள்ளீயம் லேசில் உருகாது. பற்றவைக்கும் இரும்பை இன்னும் சூடாக்கினால் கம்பியின் மேலுறை கருகியது. சூட்டைக் குறைத்தால் ஒட்டினது போல இருக்கும், ஒட்டியிருக்காது. முன்பெல்லாம் பளபளவென்று உட்கார்ந்த பற்று, இப்போது மங்கி, சொரசொரவென்று கிடந்தது. ரேடியோவைக் கொஞ்சம் அசைத்தாலே விட்டுப்போகும். போன வாரம் அனுப்பிய பெட்டி இந்த வாரம் திரும்பி வந்தது. வந்தவர்கள் இவரைத்தான் ஏசினார்கள்.

எங்கள் வரிசையில் கடைசி வீடு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ராஜரத்தினத்துடையது. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி காலையில் தெருவே அங்கே கூடியது. அவருடைய ரேடியோவை மூன்று நாளைக்கு முன்புதான் இவர் சரிசெய்து கொடுத்திருந்தார். கோலாலம்பூரில் பிரகடனம் வாசித்து முடிந்தது. 'மெர்டேக்கா' என்று சுதந்திர முழக்கம் எழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவது. மூன்றாவது. அத்தோடு ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

இவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தார். பற்று விட்டிருந்தது. ஏழு மாத வயிற்றோடு பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் கை சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பேப்பரில், முழக்கம் ஏழு முறை என்று போட்டிருந்தது. "மிச்சம் நாலு எங்கலா, ஷம்சு?" என்று ராஜரத்தினம் வாசலில் நின்று கேட்டார். தெரு சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அழுதேன். "பழைய சோல்டருக்கே திரும்பிடுங்க" என்றேன். "பிள்ளை பிறக்கட்டும்" என்றார். ரேடியோக்கள் வருவது நின்றுபோய், ஜாலான் பெண்டஹாராவில் ஒரு மசாலாக் கடையில் மூட்டை தூக்கினார். நவம்பரில் மகள் பிறந்தாள்; சித்தி என்று பெயர் வைத்தோம். நாற்பது நாள் கழித்துத்தான் காரீயச் சோல்டர் வாங்கினார். பட்டறையையும் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டார். சோல்டர் உருகும்போது வரும் அந்தக் குங்கிலிய வாசனை இப்போது கிடைக்காதா என்று ஏங்குகிறேன். முதல் இரண்டும் காரீயத்தால்தான் போயினவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சித்தியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, ராஜரத்தினம் அந்தக் கதையை மறுபடி எடுத்தார். புதுச் சம்பந்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அது இவரு தப்பில்ல" என்று ஆரம்பித்தேன். இவர் என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

"சும்மா இரு சபியா. தனக்காகத்தான் அத்தா பேரு கெட்டுச்சுன்னு நம்ம பிள்ளை காதுல விழணுமா?"

திரும்பிப் போய், மூன்றாவது மெர்டேக்காவில் ரேடியோ எப்படி அடங்கியது என்று அவரே நடித்துக் காட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் சித்திதான்.